ஒரே பாத்திரம், இரண்டு வரிசை: லுத்தரன் திருச்சபையும் தென்னாற்காட்டுச் சேரியும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது எதைப் பற்றிப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. தலைப்பை அண்ணனே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் சமூகவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலம். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் இரட்டைக் குவளைக் கணக்கெடுப்புக்குப் போய்விட்டு, தாம்பரம் மேற்கில் ஒரு தேநீர்க்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அண்ணன் கார் ஷெட்டில் பகல் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். என் கையிலிருந்த படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீக்கடையில எத்தனை கிளாஸ் வச்சிருக்கான்னு எழுதியிருக்க, சரி. உங்க கோயில்ல பாத்திரம் எத்தனை? யாரு மொதல்ல குடிக்கிறா?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "ஒரே பாத்திரம்தாண்ணே. எங்க கோயில்ல சாதியே கிடையாது" என்றேன். அவர் சிரித்தார். "உங்க ஆளுங்க மட்டுமே இருக்கிற கோயில்ல பாத்திரம் ஒண்ணாத்தான் இருக்கும். எல்லாரும் இருந்த கோயில்ல என்ன நடந்துதுன்னு போய்ப் படி."

போய்ப் படித்தேன். முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

தமிழ்நாட்டில் லுத்தரன் என்று பெயர் சொல்லும் திருச்சபைகள் முக்கியமாக மூன்று. தரங்கம்பாடி மிஷனின் வழியில் வந்து 1919-இல் தன்னாட்சி பெற்ற தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. அதன் தலைமையிடம் திருச்சி. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன்கள் 1895-இல் கிருஷ்ணகிரிப் பக்கம் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. மூன்றாவது, டென்மார்க் மிஷனரிகள் தென்னாற்காட்டில் கட்டிய ஆற்காடு லுத்தரன் திருச்சபை, தலைமையிடம் கடலூர். என் தாத்தாவும் ஆயாவும் ஞானஸ்நானம் பெற்றது இந்த மூன்றாவதில். அதன் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் பறையர் சமூகத்தினர். அது ஏன் அப்படி ஆனது என்பதுதான் இன்றைய பேச்சு.

1706-இல் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இந்தக் கதையை எல்லோரும் அச்சு இயந்திரம், தமிழ்ப் புதிய ஏற்பாடு, பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள். அவையெல்லாம் நடந்தவைதான். ஆனால் 1707 மே மாதம் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேர் யார்? டேனிஷ்காரர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள். அந்தத் திருச்சபை அடிமைகளிடமிருந்து தொடங்கியது. பிறகு வெள்ளாளர்கள் வந்தார்கள். வந்ததும் கோயிலுக்குள் இடைவெளி வந்தது. ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாக உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கு வெள்ளாளர் முதலில் போனார்கள், பறையர் பிறகு போனார்கள். அப்பமும் இரசமும் ஒன்று, வரிசை இரண்டு.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இராஜநாயக்கன். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அவர் பறையர். தஞ்சை மராட்டிய அரசரின் படையில் சேவகர், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டின் ஒரு பகுதி எப்படியோ அவர் கைக்கு வந்தது. படைவீரனாக இருந்த ஒரு பறையர் 1720-களில் அச்சுப் புத்தகத்தைத் தானே உட்கார்ந்து படித்திருக்கிறார். நம் மக்களின் எழுத்தறிவு வரலாற்றை எழுதப் போகிற மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். படித்தவர் தரங்கம்பாடியைத் தேடிப் போனார். உபதேசியார் ஆனார். தஞ்சைச் சீமையில் லுத்தரன் சபைகள் உருவானதில் அவர் உழைப்பு பெரிது.

இந்தியரில் ஒருவரைக் குருவாக அபிஷேகம் செய்வது என்று 1730-களில் மிஷனரிகள் முடிவெடுத்தபோது இரண்டு பெயர்கள் முன்னால் இருந்தன. ஒருவர் ஆரோன், கடலூர் வெள்ளாளர். இன்னொருவர் இராஜநாயக்கன். இராஜநாயக்கனின் தகுதியில் யாருக்கும் ஐயம் இல்லை. வெள்ளாளக் கிறித்தவர்கள் ஒரு பறையரின் கையிலிருந்து திருவிருந்தை வாங்க மாட்டார்கள் என்பதே பேச்சாக இருந்தது. 1733 டிசம்பரில் ஆரோன் குருவானார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் குரு என்று அவரைத்தான் நாம் பாடத்தில் படிக்கிறோம். ஆரோன்மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை, அவரும் அலைந்து உழைத்தவர். இராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுக்கு மேல் உபதேசியாராகவே இருந்தார். போதிக்கலாம், மந்தையைச் சேர்க்கலாம், அடி வாங்கலாம், பாத்திரத்தை மட்டும் கையில் எடுக்கக் கூடாது.

இதை எந்த எதிரியும் எழுதி வைக்கவில்லை. அந்த மிஷனரிகளே ஹாலே நகரத்துக்கு எழுதி அனுப்பினார்கள். அங்கே அச்சாகி ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒரு நூறாண்டு தாண்டுகிறேன். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதியை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னையிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். அவர்களுடைய வாதங்கள் புதிதல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829-லேயே, சாதியைத் தொட்ட புதிய மிஷனரிகளைக் கண்டித்து எழுதியிருந்தார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் நம் சேரிக் கோயில்களில் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறோம். ராகம் நன்றாக இருக்கிறது, நானும் பாடுவேன்.

ஆங்கிலிக்கன் சபையைவிட்டு வெளியேறிய சாதிக் கிறித்தவர்கள் எங்கே போனார்கள்? லுத்தரன்களிடம். தரங்கம்பாடியின் பழைய மிஷன் தளர்ந்துபோய், 1840-களில் ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷன் அதைக் கையில் எடுத்திருந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் என்று தமிழறிஞர்கள் கொண்டாடும் அதே கிரவுல். 1849 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் தங்கி சாதியை நேரில் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வந்தார்? சாதி முதன்மையாக ஒரு சமூக ஒழுங்கு, நாட்டு வழக்கம். நற்செய்தி புளித்த மாவைப் போல உள்ளிருந்து மெல்ல மெல்ல அதை மாற்றும். ஞானஸ்நானத்துக்கோ திருவிருந்துக்கோ சாதியை விடுவதை நிபந்தனையாக வைக்கக் கூடாது. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. மற்ற மிஷன்கள் சேர்ந்து நின்றன. லைப்சிக் நிற்கவில்லை. தன் நிலையை விளக்கி கிரவுல் 1851-இல் சென்னையிலேயே ஒரு துண்டு நூல் வெளியிட்டார்.

திருக்குறளை மொழிபெயர்த்தவர் 'பிறப்பொக்கும்' என்ற குறளைத் தாண்டித்தானே போயிருப்பார் என்று எனக்குத் தோன்றும். போகட்டும்.

கிரவுல் தீய மனிதர் அல்லர். அவர் தமிழை மதித்தார், தமிழர்களின் வழக்கங்களை ஐரோப்பிய அளவுகோலால் உடைக்கக் கூடாது என்று நினைத்தார். இன்று பல்கலைக்கழகங்களில் பண்பாட்டு மதிப்பு என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அது. ஆனால் யாருடைய பண்பாடு? அவர் தமிழ்ப் பண்பாடு என்று கேட்டுக்கொண்டது வெள்ளாளர் வாயிலிருந்து. லைப்சிக் சபைகளில் பறையர் சமூகத்திலிருந்து வந்தவர்கள் பெருந்தொகை. அவர்களிடம் 'இந்த வரிசை உங்கள் பண்பாடா' என்று யாரும் கேட்டதாக அந்த விவாதத்தில் ஓர் இடமும் என் கண்ணில் படவில்லை.

லைப்சிக் மிஷனுக்குள்ளேயே ஒருவர் இதை எதிர்த்தார். கார்ல் ஓக்ஸ். மாயவரத்தில் பணியாற்றியவர். சாதியோடு ஒருவனைத் திருவிருந்துக்கு அழைப்பது, குருவாக்குவது, இரண்டும் முடியாது என்று சண்டை போட்டார். 1850-களின் இறுதியில் அந்தச் சண்டை உடைந்து முடிந்தது. அவர் லைப்சிக் மிஷனைவிட்டு வெளியேறினார். 1861-இல் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையில், தென்பெண்ணைக்குத் தெற்கே, மேல்பட்டாம்பாக்கத்தில் 'பெத்தானி' என்று பெயர் வைத்து ஒரு நிலையம் தொடங்கினார். பையில் காசில்லை. டென்மார்க் மிஷனரி சங்கம் அப்போது தனக்கென்று ஒரு களம் தேடிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்தன. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் ஆரம்பம் அதுதான்.

ஆகவே எங்கள் திருச்சபை சாதிக்கு எதிரான ஒரு வெளிநடப்பில் பிறந்தது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். சின்ன வயதில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அது பாதி உண்மை.

மீதிப் பாதி இது. ஓக்ஸ் எதிர்த்தது திருவிருந்து மேசையில் இருந்த சாதியை. மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றியிருந்த சேரி மக்களுக்குச் சாதி என்பது மேசையில் இல்லை, களத்துமேட்டில் இருந்தது. படியாளாக ஒரு வீட்டுக்குக் கட்டுப்பட்டு, அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் ஏர் பிடித்துக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். வீடு கட்டியிருந்த மனையே தனக்குச் சொந்தமில்லை; மிராசுதாரர் நினைத்தால் எழுப்பிவிடலாம். அவர்கள் பாதிரியாரிடம் வந்தபோது கேட்டது பாவமன்னிப்பு மட்டும் இல்லை. மனு எழுதித் தர ஆள், பிள்ளைக்கு எழுத்து, கச்சேரியில் பக்கத்தில் நிற்க ஒரு வெள்ளைச் சட்டை. டேனிஷ் மிஷனரிகளுக்கு இது சங்கடமாக இருந்தது. உள்ளான மனமாற்றம் இருக்கிறதா என்று சோதித்தார்கள், காத்திருக்க வைத்தார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாற்காட்டைச் சூறையாடியபோது, அதே வட்டாரத்தில் பாரிசிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருமார்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். லுத்தரன்கள் சிறு கூட்டமாகவே இருந்தார்கள். கஞ்சிக்காக வருகிறவன் வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம்.

'கஞ்சிக் கிறித்தவர்' என்ற வசையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். எனக்கு அதில் வெட்கமில்லை. பஞ்சத்தில் கஞ்சி கொடுக்காத சாமியை விட்டுவிட்டுக் கொடுக்கிற சாமியிடம் போவது அறிவுள்ள செயல். ஆயா இன்னும் சுருக்கமாகச் சொல்லும்: "பசியில வந்தோம், படிச்சோம், இருந்துட்டோம்." சமூகவியலில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆயாவின் மூன்று வினைச்சொல்லை நான் இன்னும் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

அந்தச் சிறு கூட்டத்தைப் பெரிதாக்கியது எங்கள் ஆட்களே. ஓர் ஊரில் படித்த ஒருவன் அடுத்த ஊரில் பள்ளி வாத்தியாராவான். பகலில் அரிச்சுவடி, இரவில் ஜெபம். பெண் கொடுத்து எடுத்த வழியாகச் சபை பரவும். திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று டேனிஷ் நிலையங்கள் போனதெல்லாம் இப்படி உபதேசியார்கள் நடந்து போட்ட தடத்தின் மேல்தான். முதல் உலகப்போரில் ஜெர்மன் மிஷனரிகளை ஆங்கிலேய அரசு வெளியேற்றியது; சுவீடன் மிஷன் வந்து தரங்கம்பாடித் திருச்சபையைத் தாங்கிப் பிடித்தது. டென்மார்க் நடுநிலை நாடு என்பதால் தென்னாற்காட்டில் அந்தத் தடங்கல் இல்லை. டேனிஷ் பெண்களில் ஆன் மேரி பீட்டர்சன் மிஷனோடு முரண்பட்டு வெளியே வந்து பரங்கிப்பேட்டையில் தேசியப் பள்ளி தொடங்கினார். 1921-இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். அதைப் பெருமையாக எழுதுகிறவர்கள், காந்தி நம் மதமாற்றத்தைப் பற்றிப் பின்னால் பேசியதையும் சேர்த்து எழுத வேண்டும். அதற்கு நாம் தாம்பரத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

இந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி. நகரத்திலிருந்து 1937-இல் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அங்கே சர்வதேச மிஷனரி மாநாடு கூடியது: ஏறத்தாழ 70 நாடுகள், 471 பிரதிநிதிகள். உலகத் திருச்சபை வரலாற்றில் 'தாம்பரம் 1938' என்பது ஒரு கலைச்சொல். ஜெனீவாவில் யாரிடமாவது தாம்பரம் என்றால் நம் ரயில் நிலையம் நினைவுக்கு வராது, இந்த மாநாடுதான் வரும். தலைமை வகித்தவர் அமெரிக்கர் ஜான் மாட். அவரிடம்தான் 1936-இல் காந்தி, ஒரு பசுவுக்கு நற்செய்தி சொல்வீர்களா என்ற பொருளில் கேட்டார். தீண்டப்படாதவர்களில் சிலர் புரிந்துகொள்வதில் பசுவைவிட மோசம் என்றார். இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் யேவலாவில் அறிவித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மாநாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது டச்சு அறிஞர் கிரேமரின் நூல்: கிறித்தவம் மற்ற மதங்களின் நிறைவா, அவற்றிலிருந்து முறிவா? நல்ல கேள்வி. மதம் மாறியவர்களில் பெரும்பாலோர் எந்தச் சேரியிலிருந்து எந்த நிலத்தைவிட்டு வந்தார்கள் என்பது மாநாட்டின் நினைவாக மிஞ்சவில்லை.

அந்தக் காட்டைச் சுற்றியிருந்த ஊர்களுக்கும் அந்தக் கேள்விக்கும் சொந்தம் உண்டு. தாம்பரம் அன்றும் செங்கல்பட்டு மாவட்டம், இன்றும் செங்கல்பட்டு மாவட்டம். இந்த மாவட்டத்தின் ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பறையர்களுக்கு மனையும் நிலமும் இல்லாததுதான் அவர்கள் அடிமைத்தனத்தின் வேர் என்று எழுதினார். மறு ஆண்டு வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது வருகிறது. 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அந்த அறிக்கைக்குப் பின்னால், சேரிகளில் வேலை செய்த மிஷனரிகள் பத்திரிகைகளிலும் மனுக்களிலும் எழுப்பிய கூச்சலும் இருந்தது. அவர்கள் ஸ்காட்லாந்து சபைக்காரர்கள், வெஸ்லியன்கள். பாத்திரத்துக்காக அவ்வளவு சண்டை போட்ட எங்கள் லுத்தரன்கள் நிலத்துக்காக அந்த அளவு சண்டை போட்டதாக என்னால் சொல்ல முடியவில்லை.

நிலம் இல்லாததால்தான் நாங்கள் இங்கே வந்தோம். விழுப்புரம் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் ஏறினால் பட்டணத்தின் முதல் பெரிய நிறுத்தம் தாம்பரம். தாத்தா திரிசூலம் பக்கம் கல்லுடைத்தார். உறவினர்கள் பல்லாவரம் தோல் பதனிடும் தொட்டிகளிலும் குரோம்பேட்டையிலும் வேலை பார்த்தார்கள். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது என்பது அங்கே குடியிருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. தோல் வேலையும் கல் வேலையும் யாருக்கு ஒதுக்கப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலைக் கொட்டகையில் கூடினார்கள். ஊர் தென்னாற்காடு, சபை லுத்தரன், வேலை தோல் தொட்டி. மூன்றையும் கேட்டால் சாதியைக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது அரசமைப்புக்கு வருகிறேன். 1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் 3-ஆம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தனித்தொகுதி கிடையாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது.

இங்கே ஓர் ஒப்பீடு. ராஞ்சியில் 1845-இல் ஜெர்மானியர் தொடங்கிய கோஸ்னர் லுத்தரன் திருச்சபை இருக்கிறது. முண்டா, ஒராவோன் பழங்குடியினரின் சபை. அதுவும் தமிழ் லுத்தரன் திருச்சபையைப் போல 1919-இல்தான் தன்னாட்சி பெற்றது. அதே லுத்தர், அதே ஞானோபதேசம். முண்டா கிறித்தவர் ஞானஸ்நானம் பெற்ற மறுநாளும் பழங்குடிதான்; சட்டம் அவரிடம் மதம் கேட்பதில்லை. பறையர் கிறித்தவர் ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் சட்டத்தின் கண்ணில் பறையர் இல்லை. ஊரார் கண்ணில் மட்டும் பறையர். முண்டாவுக்கு இருப்பதைப் பறிக்க வேண்டும் என்று இன்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அது அநியாயம், நாம் அவர்களோடு நிற்க வேண்டும். நான் கேட்பது இந்த வேறுபாட்டுக்கு என்ன நியாயம் என்பது.

இதைச் சென்னையில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி கேட்டார். சூசை. ஆதிதிராவிடக் கிறித்தவர். சாலையோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே சாலையோரம், அதே ஊசி, அதே தோல். கிறித்தவர் என்பதால் இவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மதம் மாறிய பிறகும் கிறித்தவச் சமூகத்துக்குள் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதைக் காட்டும் அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் தன் முன் வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது.

ஆய்வு வைக்கப்படவில்லை. தோழர்களே, இராஜநாயக்கனுக்கு ஏன் அபிஷேகம் இல்லை என்று ஹாலேயில் அச்சாகிக் கிடக்கிறது. வரிசை இரண்டாக இருக்கலாம் என்று கிரவுல் தன் பெயர் போட்டு வெளியிட்டிருக்கிறார். அதற்காக ஓக்ஸ் வெளியேறிய கதை டென்மார்க் மிஷனின் ஆவணங்களில் இருக்கிறது. உலகத்தில் வேறு எந்தச் சபையும் தன் சாதியைப் பற்றி இவ்வளவு விரிவாகத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்குமா என்று தெரியவில்லை. லுத்தரன்கள் எழுதுவதில் வல்லவர்கள். சூசையின் வழக்குக்குத் தேவைப்பட்ட சாட்சி இருநூறு ஆண்டுகளாகத் தயாராக இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஏன் இல்லை? திருச்சபைகளின் தலைமைகள் இரண்டு வாயால் பேசின. டெல்லிக்குப் போனால் 'ஞானஸ்நானத்துக்குப் பிறகும் சாதி தொடர்கிறது, பட்டியலில் சேருங்கள்' என்பார்கள். ஊருக்கு வந்தால் 'நமக்குள் சாதி இல்லை, சாதியைப் பேசிச் சபையைப் பிரிக்காதீர்கள்' என்பார்கள். பழைய ஆவணத்தை எடுத்தால் இரண்டாவது வாய் அடைபடும். அந்தப் பயம்தான்.

இதற்கு நேர் எதிரான முன்மாதிரியும் லுத்தரன்களிடமே உண்டு. 1977-இல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலகச் சம்மேளனம், நிறவெறியை எதிர்ப்பது அரசியல் விருப்பம் சார்ந்த விஷயமல்ல, விசுவாசத்தையே சார்ந்தது என்று அறிவித்தது. 1984-இல் புடாபெஸ்டில், நிறவெறியைக் கைவிடாத தென்னாப்பிரிக்கப் பகுதியின் இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் திருவிருந்து எடுக்க முடியாத இடத்தில் திருச்சபையே இல்லை என்பது அதன் பொருள். ஓக்ஸ் சொன்னதும் அதுவே. அவர் சொன்னபோது வேலையை விட வேண்டியிருந்தது. சாதிக்காக அப்படி ஒரு சபையின் உறுப்புரிமை நிறுத்தப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2009-இல் பாங்காக்கில் உலகச் சபைகள் தலித்துகளுக்கான நீதி பற்றி மாநாடு கூட்டியதோடு நிற்கிறது.

உள்ளேயிருந்து கேள்வி எழாமலும் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் லுத்தரன்கள் நடத்தும் குருகுலம் இறையியல் கல்லூரியில் 1980-களில் தலித் இறையியலுக்கென்று ஒரு துறை தொடங்கியது; மராட்டியத்திலிருந்து வந்த அரவிந்த் நிர்மல் அதை வளர்த்தார். கிரவுலின் பிள்ளைகள் கட்டிய வீட்டில் இராஜநாயக்கனின் பிள்ளைகள் தங்கள் கேள்வியை வைத்தார்கள். அந்த மாணவர்கள் இன்று குருமார்களாக இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வகுப்பில் எழுதியதை ஞாயிறு பிரசங்கத்தில் சொல்கிறார்கள் என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இரண்டு பெயர். சபைப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. இந்தப் பக்கத்துச் சேரிகளில் இது அதிசயமே இல்லை. ஒரு முறை ஓர் அலுவலகத்தில், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம் எது என்று கேட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து எதையும் கழற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் அவர் சபைப் பெயரை எந்தப் படிவத்திலும் எழுத விடவில்லை. இறந்தபோது கல்லறையில் எந்தப் பெயரைப் பொறிப்பது என்று வீட்டில் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. இரண்டையும் பொறித்தோம். 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஒரு ஆணையம் அமைத்தது. பட்டியலில் சேர்க்கலாம் என்று 2007-லேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தாயிற்று. எத்தனை ஆணையம் போட்டாலும் எங்கள் அப்பாவின் கல்லறைக் கல்லை அவர்கள் வந்து பார்க்கலாம்.

1994 அக்டோபர் 10. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன மக்கள்மீது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பலியானவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. அண்ணன் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் விடுப்புப் போட்டுவிட்டு அங்கே போவார். இரண்டு பெயரையும் ஒரே மூச்சில்தான் சொல்வார். நாமும் அப்படித்தான் முழக்கமிடுகிறோம். டிரமன்ஹீர் எழுதிய அறிக்கையின் நிலம் அது. நிலத்தைக் கேட்டபோது யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று துப்பாக்கி கேட்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் பழைய சபை இருந்தால் அதன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து அதை எழுதுவதை நிறுத்தினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்லறைக்குப் போய் நடுவில் சுவர் இருக்கிறதா, இருந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். ஹாலேயில் இருப்பது ஜெர்மனில். அதைப் படிக்க ஒருவராவது ஜெர்மன் கற்றுக்கொள்ளுங்கள். இந்த மன்றத்தின் அலமாரியில் அண்ணன் வைத்துவிட்டுப் போன இரட்டைக் குவளைப் படிவங்கள் இருக்கின்றன. அவற்றின் பின்பக்கம் காலியாக இருக்கிறது.